ஊரிலிருந்து போன கடிதங்கள்

போர்முனைக்குச் சென்ற மகன் வீட்டுக்கு எழுதிய கடிதங்கள் அச்சில் ஏராளமாக உள்ளன. வீட்டார் அம்மகனுக்கு எழுதியவையோ மிகச் சில. இவ்வேறுபாட்டுக்குக் காரணம் இலக்கியத் தரம் அன்று, பெட்டியே காரணம். மகனின் கடிதம் வீடு வந்து சேர்ந்ததும் பெட்டிக்குள்ளோ திருமறைப் புத்தகத்தின் இதழ்களுக்கிடையேயோ பத்திரமாக வைக்கப்பட்டது. வீட்டின் கடிதம் சட்டைப் பையில் நனைந்தது, அடுப்பெரிக்க உதவியது, அவனோடு புதையுண்டது. ஆகவே போர்க்காலக் குடும்பத்தைப் பற்றி நாம் அறிந்தவற்றுள் பெரும்பகுதி ஒரு பக்கம் மட்டுமே கேட்கும் உரையாடலாகும்.

ஆங்கிலக் கவிஞர் வில்பிரட் ஓவனை எடுத்துக்கொள்வோம். 1967ஆம் ஆண்டில் வெளியான அவருடைய கடிதத் தொகுப்பில் அறுநூறுக்கு மேற்பட்ட கடிதங்கள் உள்ளன. அவற்றுள் மிகப் பெரும்பாலானவை தாய் சூசனுக்கு எழுதப்பட்டவை. அத்தனைக்கும் மறுமொழியாகத் தாய் எழுதியவை அந்நூலில் இல்லை. ஓவன் 1918 நவம்பர் 4ஆம் நாள் வடபிரான்சின் கால்வாய்க் கரையொன்றில் மாண்டார். அச்செய்தி நவம்பர் 11ஆம் நாள், போர் ஓய்ந்த அன்றே, வீட்டை எட்டியது. அத்தாயின் குரல் நமக்கு நேரடியாகக் கேட்கும் இடம் எது? 1920இல் அவர் இரவீந்திரநாத் தாகூருக்கு எழுதிய கடிதம். மகன் கடைசியாக விடைபெற்றபோது கீதாஞ்சலியின் வரிகளைச் சொன்னதையும், அவ்வரிகள் அவனுடைய குறிப்பேட்டில் இருக்கக் கண்டதையும் அவர் அதில் தெரிவித்தார். மகனுக்கு அவர் எழுதியவற்றை நாம் வாசிக்க இயலாது. மகனைப் பற்றி அந்நியர் ஒருவருக்கு எழுதியதையே வாசிக்கிறோம்.

இந்நிலை புதியதன்று என்பதை இறையியல் மாணவர் நன்கு அறிவர். அடால்ஃப் டைஸ்மன் 1908இல் வெளியிட்ட 'கீழ்த்திசையிலிருந்து ஒளி' என்னும் நூலால் புகழ்பெற்ற பாப்பிரஸ் கடிதங்களுள் ஒன்று, அப்பியோன் என்ற எகிப்திய இளைஞன் கி.பி. 2ஆம் நூற்றாண்டில் எழுதியது. உரோமக் கடற்படையில் சேர்ந்து இத்தாலியின் மிசேனம் துறைமுகத்தை அடைந்த அவன், எகிப்தின் பயூம் பகுதியிலிருந்த தந்தை எப்பிமாக்கஸுக்கு எழுதுகிறான். கடல் ஆபத்தில் தன்னைக் காத்த செராப்பிஸ் தெய்வத்துக்கு நன்றி கூறுகிறான். வழிச்செலவுக்கு மூன்று பொற்காசு கிடைத்ததைத் தெரிவிக்கிறான். படையில் தனக்கு இடப்பட்ட உரோமப் பெயரைச் சொல்கிறான். தன் உருவப்படம் ஒன்றையும் அனுப்புகிறான். இவற்றுக்கிடையே ஒரு வேண்டுகோள் நிற்கிறது. தந்தை ஒரு கடிதம் எழுதவேண்டும். தன்னை நன்றாகக் கல்வி பயிற்றிய தந்தையின் கையை அதன்வழி வணங்கவேண்டும். இங்கே கை என்பது கையெழுத்தையும் குறிக்கும் என உரையாசிரியர் கூறுவர். தந்தை எழுதினாரா? எழுதியிருப்பின் அக்கடிதம் மிசேனத்தின் ஈரக்காற்றில் மட்கியிருக்கும். மகனின் கடிதம் பிழைத்ததோ, தந்தையின் வீடு எகிப்தின் வறண்ட மணலில் இருந்த ஒரே காரணத்தால்.

இதனிலும் நம்மை வருத்தும் கடிதம் அவுரேலியுஸ் பொலியோன் என்னும் மற்றோர் எகிப்தியப் போர்வீரனுடையது. ஏறத்தாழ 1800 ஆண்டுகளுக்கு முன், இன்றைய ஹங்கேரிப் பகுதியில் நின்ற உரோமப் படையணியிலிருந்து அவன் எழுதினான். தெப்துனிஸ் நகரில் 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் அகழ்ந்தெடுக்கப்பட்ட அந்தச் சிதைந்த தாள் 2012ஆம் ஆண்டளவில்தான் முறையாகப் படிக்கப்பட்டு வெளியாயிற்று. அப்பம் விற்கும் தாய்க்கும், உடன்பிறந்தார்க்கும் அவன் ஆறு கடிதங்கள் அனுப்பியிருந்தான். ஒன்றுக்கும் பதில் இல்லை. நீங்கள் என்னை நினைப்பதே இல்லையோ என்னும் ஏக்கம் அக்கடிதம் முழுவதிலும் நிறைந்துள்ளது. விடுப்புக் கேட்டுக்கொண்டு ஊருக்கு வருவதாகவும் சொல்கிறான். தாய்க்கு எழுதத் தெரியாதிருந்ததா, எழுதிக் கொடுப்பவனுக்குக் கொடுக்கக் காசில்லையா, சொத்துப் பிணக்கா, கடிதங்கள் வழியில் தொலைந்தனவா? வீட்டின் பக்கம் நமக்கு மூடியே கிடக்கிறது. அவ்வீட்டாரைக் கல்நெஞ்சர் என்று தீர்த்துவிடுவது எளிது. மறுபக்கத்தைக் கேளாமல் தீர்ப்புச் சொல்லும் இவ்வெளிமையைப் பற்றித்தான் இக்கட்டுரையில் பேச விரும்புகிறோம்.

நம் நாட்டு வரலாற்றில் இவ்விதிக்கு ஒரு பெரிய விலக்கு உண்டு. முதல் உலகப் போரில் பிரான்சுக்கு அனுப்பப்பட்ட இந்தியப் படைவீரர்களின் கடிதங்கள் அவை. அவற்றுள் வீட்டிலிருந்து வந்த கடிதங்களும் ஓரளவு எஞ்சியுள்ளன. அவற்றைக் காத்தது குடும்பப் பாசம் அன்று, அரசின் ஐயம்.

1914 செப்டம்பர் 26ஆம் நாள் இந்தியப் படையின் முதற்பகுதி மார்சேல்ஸ் துறைமுகத்தில் இறங்கியது. அடுத்த மாதமே ஈப்ர நகரைச் சூழ்ந்த சண்டையில் அவர்கள் இறக்கப்பட்டனர். காலாட்படையினர் 1915ஆம் ஆண்டின் இறுதியில் மெசபொத்தாமியாவுக்கு மாற்றப்பட்டனர். குதிரைப்படையினர் 1918 தொடக்கம்வரை பிரான்சிலேயே இருந்தனர். புரட்சியாளரின் துண்டு வெளியீடுகள் அஞ்சல்வழி படைவீரரை எட்டிவிடுமோ என்ற அச்சத்தால், இந்திய அஞ்சலைத் தணிக்கை செய்ய ஓர் அலுவலகம் ஏற்பட்டது. அது விரைவில் பூலோன் நகரில் நிலைகொண்டது. அதன் தலைவர் ஈவ்லின் ஹவெல், இந்திய அரசியல் துறை அதிகாரி. வடமேற்கு எல்லையின் மொழிகளை அறிந்தவர். 1915இன் முற்பகுதியில் வீரர்கள் வாரந்தோறும் எழுதிய கடிதங்கள் மட்டுமே பத்தாயிரத்துக்குக் குறையா. அவற்றுள் சிலவற்றைத் தேர்ந்து ஆங்கிலத்தில் பெயர்த்து, படையின் மனநிலையைப் பற்றி மேலிடத்துக்கு அறிக்கை அனுப்புவது அலுவலகத்தின் வேலையாயிற்று. மூலக் கடிதங்கள் ஏறக்குறைய யாவும் மறைந்தன. ஆங்கிலப் பகுதிகள் இலண்டன் ஆவணங்களில் தங்கின. இவற்றிலிருந்து அறுநூறுக்கு மேற்பட்டவற்றைத் தேர்ந்து, டேவிட் ஒமிசி 1999இல் 'மாபெரும் போரின் இந்தியக் குரல்கள்' எனப் பொருள்படும் ஆங்கில நூலை வெளியிட்டார். அறிஞர் பலர் அந்நூலை வரலாற்றுக்காக வாசித்துள்ளனர். நாம் அதனை வேறொரு நோக்கில், ஒருவர் மற்றொருவரின் சொற்களைக் கையாளும் பொறுப்பு என்னும் நோக்கில், வாசிக்க முற்படுகிறோம். ஆயர் பணியில் இருப்போர்க்கு அது நாள்தோறும் எழும் சிக்கல்.

நூலின் சிறப்பை முதலில் ஒத்துக்கொள்ளவேண்டும். ஒமிசி தம் முன்னுரையில் இக்கடிதங்களின் இடர்ப்பாடுகளை மறைக்கவில்லை. எழுதத் தெரியாத வீரன் சொல்ல, எழுதத் தெரிந்த மற்றொருவன் எழுதினான். படைப்பிரிவின் அதிகாரி ஒருமுறை பார்த்தார்; பூலோனில் மறுபடியும் பார்த்தார்கள். ஊரிலோ அதே நிலை. 1911ஆம் ஆண்டுக் குடிமதிப்பின்படி இந்தியா முழுவதிலும் எழுத்தறிந்தோர் நூற்றுக்கு ஆறுபேர் அளவே. வீரர்களில் பெரும்பாலோரை அனுப்பிய பஞ்சாபில் அதனினும் குறைவு. பெண்களிடையே மிகமிகக் குறைவு. ஆகவே தாயின் சொல், எழுதிக் கொடுப்பவரின் கை, அஞ்சல், தணிக்கையாளரின் கண், மொழிபெயர்ப்பாளரின் ஆங்கிலம், இறுதியில் தொகுப்பாசிரியரின் தேர்வு என இத்தனை வாசல்களைக் கடந்து நம்மிடம் வருகிறது. இதனால் அவை பயனற்றவை ஆகிவிடவில்லை என்று ஒமிசி வாதிடுகிறார். நாமும் அவ்வாறே கருதுகிறோம். மாற்கு நற்செய்தியை வாசிப்போர் வேறுவிதமாகக் கருத இயலுமா?

ஆனால் நூலின் அமைப்பில் நமக்கு ஒரு பெரிய குறை தென்படுகிறது. கடிதங்கள் எழுதப்பட்ட நாளின் வரிசையில் அடுக்கப்பட்டுள்ளன. போர்முனையின் நாட்காட்டிக்கு இது பொருந்தும். நேவ் சப்பேல் சண்டை 1915 மார்ச், நச்சுப்புகை ஏப்ரல், லூஸ் சண்டை செப்டம்பர், அவற்றையொட்டி வீரரின் மனநிலை ஏறி இறங்குவதை இவ்வரிசையில் தெளிவாகக் காணலாம். வீட்டுக்கோ வேறொரு நாட்காட்டி. விதைப்பு, அறுவடை, திருமணம், கொள்ளைநோய், வரிகட்டும் தவணை ஆகியவையே அதன் மாதங்கள். மேலும் ஒரு கடிதம் போய்ச் சேர ஏறத்தாழ ஒரு மாதம் ஆயிற்று. தாய் இன்று கேட்ட கேள்வி, மகன் காயமுற்று மருத்துவமனையில் கிடக்கும்போது அவனை அடைகிறது. அவன் விடை எழுதும்போது ஊரில் அந்தக் கேள்விக்குக் காரணமான எருமை விற்றாயிற்று, அல்லது அந்தத் தம்பியே இறந்தாயிற்று. நாள்வரிசையில் அடுக்கும்போது, இந்த உரையாடல் அறுந்து, ஒவ்வொரு கடிதமும் தனிக்குரலாக நிற்கிறது. நூலின் துணைத்தலைப்பும் 'போர்வீரர் கடிதங்கள்' என்றே சொல்கிறது. வீட்டார் கடிதங்கள் உள்ளே இருந்தும் வாசலில் அவற்றுக்குப் பெயர் இல்லை.

தணிக்கையாளர் தேர்ந்த முறையும் கவனிக்கத்தக்கது. அவர்க்கு வேண்டியது படையின் உளநிலை. அரசுமீது பற்று, அரசுமீது வெறுப்பு, களைப்பு, மதக்கலக்கம் இவற்றைக் காட்டும் வரிகள் பெயர்க்கப்பட்டன. நீண்ட நலவிசாரிப்பு எந்த அதிகாரிக்கும் தேவையில்லாதது. நம் நாட்டுக் கடிதத்தில் பாதிக்குமேல் அதுவேதான். இவ்விடம் யாவரும் க்ஷேமம், அவ்விடத்து க்ஷேமத்துக்கு எழுதவும் என்று தொடங்கி, பெரியப்பா, சித்தி, பக்கத்து வீட்டு அத்தை, மூத்தவள் பெற்ற பிள்ளைவரை ஒவ்வொருவர் பெயரும் சொல்லி நலம் உரைப்பது வெறும் சடங்கு என்று படித்தவர் எண்ணுவதுண்டு. நாம் அவ்வாறு எண்ணக் காரணமில்லை. உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தின் 16ஆம் அதிகாரத்தைப் பெயர்ப் பட்டியல் என்று சொல்லித் தள்ளிவிட்டு, அச்சபையைப் புரிந்துகொண்டதாக எந்த மாணவரும் இன்று சொல்லத் துணியார். வீட்டுக் கடிதத்தின் பெயர்வரிசையும் அத்தகையது. தன்னை எவரெல்லாம் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள் என்பதை வீரனுக்கு அது எண்ணிச் சொல்கிறது. ஒரு பெயர் விடுபட்டால் அவன் உடனே காண்பான். ஏன் விடுபட்டது என்று இரவெல்லாம் எண்ணுவான். இறந்தவர் செய்தியைத் தூரத்திலிருக்கும் மகனுக்குச் சொல்லத் துணியாத குடும்பங்கள், பல நேரங்களில் அதை அப்பெயரை விட்டுவிடுவதன் மூலமே சொல்லியிருக்கின்றன. பூலோனில் வெட்டி நீக்கப்பட்ட அப்பகுதிகளில் எத்தனை சாவுகள் இவ்வாறு சொல்லாமல் சொல்லப்பட்டிருந்தனவோ!

எஞ்சியுள்ளவற்றில் வீட்டார் பேசுவது என்ன? நிலவழக்கு, கடன், தானிய விலை, திருமணப் பேச்சு, உறவினரிடை மனக்கசப்பு, பணம் வரவில்லை என்ற முறையீடு, கொள்ளைநோயில் மாண்டவர் செய்தி, இன்னும் கடிதம் வரவில்லையே என்ற குறை. வீரத்தைப் பற்றியும் பேரரசரைப் பற்றியும் பேசுவனவும் இருக்கின்றன. உண்ட உப்புக்கு உண்மையாயிரு, குடும்பத்தின் மானத்தைக் காப்பாற்று என்று எழுதும் மூத்தோர் உண்டு. எவ்வாறாயினும் வந்து சேர் என்று ஏங்கும் மனைவியரும் உண்டு. வீரர்களோ, தம்பியைப் படையில் சேரவிடாதீர்கள் என்று ஊருக்கு எழுதினர். அதை வெளிப்படையாக எழுத இயலாததால் மறைமொழி கையாண்டனர். கறுப்பு மிளகு என்றால் இந்தியர், சிவப்பு மிளகு என்றால் வெள்ளையர். கறுப்பு மிளகு தீர்ந்துகொண்டு வருகிறது என்றால் பொருள் விளங்கும். தணிக்கையாளர்க்கும் அது விளங்கத்தான் செய்தது.

இவ்விடத்தில் ஹவெலைப் பற்றி ஒரு சொல். அவரைக் கொடியவராகக் காட்டுவது நியாயமன்று. பெரும்பாலான கடிதங்களை அவர் தடுத்துவைக்கவில்லை. அவருடைய அறிக்கைகளில் கூர்மையும் சில வேளைகளில் இரக்கமும் உண்டு. எனினும் 1915இன் தொடக்கத்தில் அவர் செய்த ஒரு குறிப்பு நமக்கு மறக்க இயலாதது. கடிதம் எழுதுவோர் கவிதையில் இறங்கும் போக்கு மிகுந்து வருவதாகவும், அதை மனக்கலக்கத்தின் தீய அறிகுறியாகத் தாம் கருதுவதாகவும் அவர் எழுதினார். ஓர் அதிகாரி என்ற முறையில் அவர் சரியாகவே கணித்தார். துயரம் உச்சத்தை எட்டும்போது அம்மக்களின் மொழி தானாகவே யாப்பை நாடியது. மகாபாரதத்தையும் கர்பலாவையும் நாடியது. திருமறையின் புலம்பல் நூலை வாசிப்போர்க்கு இது புதிதன்று. அங்கேயும் நகரம் சிதைந்தபோது அகரவரிசையில் ஒழுங்காகப் பாடல் புனையப்படுகிறது. ஒரே சான்றைத் தணிக்கையாளர் நோயின் குறியாகவும், நாம் வழிபாட்டின் தொடக்கமாகவும் காண்கிறோம். இருவரும் ஒரே வரியைத்தான் வாசிக்கிறோம்.

வீட்டிலிருந்து வந்த கடிதங்களைவிடக் கவனிக்கத்தக்க ஒரு செய்தியும் அந்நூலில் உண்டு. பிரெஞ்சு ஊர்களில் வீடுகளில் தங்கவைக்கப்பட்ட வீரர்கள், அங்கிருந்த மூதாட்டியரைத் தாய் என்றே குறிப்பிட்டு ஊருக்கு எழுதினர். அம்மூதாட்டியரின் மக்களும் போர்முனையிலே இருந்தனர், சிலர் மாண்டிருந்தனர். அவர்கள் இந்த அந்நியரின் துணியைத் துவைத்தனர், உணவு கொடுத்தனர், அவர்கள் விடைபெற்றபோது அழுதனர். கடிதம் வராத மகனுக்கும், மகன் திரும்பாத தாய்க்கும் இடையே பொதுமொழி எதுவும் இருக்கவில்லை. இதை எழுதுகிற வீரர், பெண்கள் கல்வி கற்கவேண்டும் என்று அடுத்த வரியில் ஊருக்கு அறிவுரை கூறுவதையும் காண்கிறோம். தன் வீட்டுப் பெண் தன் கையாலேயே தனக்குக் கடிதம் எழுதினால் எப்படியிருக்கும் என்ற ஆசையும் அந்த அறிவுரைக்குள் இருந்திருக்கலாம் என நமக்குத் தோன்றுகிறது.

இனி, கிறிஸ்தவர்க்கு நேரடியாக உரிய ஒரு பகுதிக்கு வருவோம். இவ்வீரருள் கிறிஸ்தவர் மிகச் சிலரே. ஆனால் எழுதத் தெரியாத வீரருக்குக் கடிதம் எழுதிக் கொடுத்தவருள் கிறிஸ்தவ வாலிபர் சங்கத்தின் ஊழியரும் இருந்தனர். பிரான்சிலும் மெசபொத்தாமியாவிலும் இந்திய வீரர்க்கென அச்சங்கம் கூடாரங்கள் அமைத்தது. தேநீர், விளையாட்டு, படம் காட்டுதல் இவற்றோடு கடிதத்தாளும் எழுதுவோரும் அங்கே கிடைத்தனர். சமயப் பரப்பல் செய்யலாகாது என்ற நிபந்தனையின்பேரிலேயே இதற்கு இடம் கொடுக்கப்பட்டது. 1916இல் அச்சங்கத்தின் இந்தியத் தேசியப் பொதுச்செயலராக முதன்முறையாக ஓர் இந்தியர் பொறுப்பேற்றார். அவர் சேலத்தில் பிறந்த தமிழ்க் கிறிஸ்தவர் கே. டி. பால்.

அந்த நிபந்தனையை ஊழியத்துக்கு இடப்பட்ட கட்டாகக் கருதியோர் இருந்திருப்பர். நாம் அதனைச் சற்று வேறுவிதமாகப் பார்க்கத் துணிகிறோம். ஓர் இஸ்லாமிய வீரன் தன் தாய்க்குச் சொல்கிறான்: இறைவனின் அருளால் நலம், நீ எனக்காகத் தொழுது வா. கிறிஸ்தவ ஊழியர் அதை மாற்றாமல், கூட்டாமல், குறைக்காமல் எழுதவேண்டும். பின்னர் தாயின் பதில் வருகிறது. அதை வாசித்துக் காட்டவேண்டும். அதிலே அவருக்குப் பிடிக்காத சொற்கள் இருக்கலாம்; நேர்த்திக்கடன், தாயத்து, மந்திரம் இருக்கலாம். குரலில் சற்றும் ஏளனம் தோன்றாமல் வாசிக்கவேண்டும். இவ்வளவு கடுமையான பணிவைக் கோரும் ஊழியம் வேறு எத்தனை உண்டு?

புதிய ஏற்பாட்டில் இவ்வூழியத்துக்கு உரியவர் ஒருவர் இருக்கிறார். உரோமருக்கு எழுதப்பட்ட நிருபத்தைக் கையால் எழுதியவர் தெர்தியு. பதினாறு அதிகாரங்களில் ஒரே ஒரு வசனத்தில் அவர் தம் பெயரைச் சொல்லி வாழ்த்துகிறார் (16:22). விசுவாசத்தால் நீதிமானாக்கப்படுதலைப் பற்றி அவருக்கும் கருத்து இருந்திருக்கும். அதை அவர் இடைச்செருகவில்லை.

தெர்தியுவின் நேர்மையை நாம் கடைப்பிடிக்கிறோமா என்பதே இப்போது கேட்கவேண்டியது. நம் கிராமச் சபைகளில் உபதேசியாரே கடிதம் வாசித்துக் காட்டியதும் எழுதிக் கொடுத்ததும் மூத்தோர் அறிந்ததே. இரண்டாம் உலகப் போரில் இந்தியப் படை ஏறத்தாழ 25 இலட்சம் பேராகப் பெருகியபோது, தமிழ் மாவட்டங்களிலிருந்தும் பலர் சென்றனர். அவர்களுடைய வீட்டுக் கடிதங்களும் பெரும்பாலும் போனவழியே போயின. எஞ்சிய சில, நினைவு மலர்களிலும் அடக்க ஆராதனைப் பிரசங்கங்களிலும் தலைகாட்டுகின்றன. எந்த வடிவில்? தாய் மகனுக்கு ஒரு சங்கீதத்தை நினைவூட்டிய வரி அச்சாகிறது. அதற்கு அடுத்த வரியில் அத்தாய், அனுப்பிய பணம் உன் அண்ணன் கையில் சிக்கிவிட்டது, எனக்கு நேராக அனுப்பு என்று எழுதியிருந்தால் அது அச்சாவதில்லை. பூலோனிலிருந்த அதிகாரி அரசுக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விட்டார். நாம் பக்திக்கு வேண்டியதை எடுத்துக்கொண்டு மற்றதை விடுகிறோம். அவராவது தாம் தணிக்கையாளர் என்பதை அறிந்திருந்தார்.

இவ்வாறு வடிகட்டுவதால் நேரும் கேடு சிறிதன்று. அண்ணனோடு பிணக்குடைய, கடன்பட்ட, அஞ்சுகிற ஒரு தாய் சங்கீதத்தை நாடினாள் என்பது சாட்சி. பிணக்கையும் கடனையும் அச்சத்தையும் நீக்கிவிட்டால், எஞ்சுவது சுவரில் தொங்கும் வசன அட்டை. அடுத்த தலைமுறைத் தாய் அதைப் பார்த்து, நமக்கு அத்தகைய பக்தி இல்லையே என்று மனம் குன்றுவாள்.

திருமறையோ இவ்விடயத்தில் நம்மைவிடத் துணிவுடையது. 1 சாமுவேல் 17ஆம் அதிகாரத்தில், போர்முனையிலுள்ள மூன்று மக்களுக்கு ஈசாய் அனுப்புவது அறிவுரையன்று. வறுத்த தானியமும் பத்து அப்பங்களும். அவர்களுடைய தலைவனுக்குப் பத்துப் பால்கட்டிகள். மேலதிகாரிக்குக் கொடுத்தனுப்பும் அந்தச் சிறு காணிக்கையை எந்தத் தகப்பனும் உடனே புரிந்துகொள்வான். பிள்ளைகளின் நலத்தை விசாரித்து, அவர்கள் உயிரோடிருப்பதற்கு ஓர் அடையாளம் வாங்கி வரவேண்டும் என்பது அவருடைய ஆணை. நாம் கோலியாத்தின் கதையாகவே இவ்வதிகாரத்தைப் பிரசங்கிக்கிறோம். நூலாசிரியர் அந்த உணவுப் பொருள்களின் அளவையும் எண்ணிக்கையையும் விட்டுவிடவில்லை.

நியாயாதிபதிகள் 5ஆம் அதிகாரம் இதற்கு மறுபுறம். சிசெராவின் தாய் பலகணி வழியே பார்த்துக்கொண்டு, மகனின் இரதம் ஏன் தாமதிக்கிறது என்று கலங்குகிறாள். ஆனால் அவள் வாயில் வைக்கப்பட்ட சொற்கள் பகைவரின் பாடலில் அமைந்தவை. கொள்ளைப்பொருளை எண்ணி அவள் தன்னைத் தேற்றிக்கொள்வதாகப் பாடல் எள்ளுகிறது. அத்தாய் தன் எழுத்தரை அழைத்து மகனுக்கு ஒரு கடிதம் எழுதச் சொல்லியிருந்தால், அதில் கொள்ளைப்பொருளைப் பற்றி என்ன இருந்திருக்கும்? தெபொராளின் பாடலை ஓதும் நாம் இக்கேள்வியைக் கேட்பது, பாடலை மறுப்பதாகாது. கேளாதிருப்பதே அதன் வெற்றிக்களிப்பில் நம் செவியை இழப்பதாகும்.

பவுலின் நிருபங்களை வாசிக்கும் முறைக்கும் இதில் படிப்பினை உண்டு. கொரிந்து சபையார் அவருக்கு எழுதிய கடிதத்தைப் பற்றி 1 கொரிந்தியர் 7ஆம் அதிகாரத் தொடக்கத்தில் அறிகிறோம். ஸ்தேவான் முதலிய மூவர் வந்ததை 16ஆம் அதிகாரத்தில் அறிகிறோம். அக்கடிதம் இல்லை. பதிலைக் கொண்டு கேள்வியை ஊகிக்கும் முறையில் எத்தகைய வழுக்கல்கள் உண்டென்பதை ஜான் பார்க்லே 1987இல் கலாத்தியர் நிருபத்தை முன்னிட்டு எச்சரித்தார். எதிர்த்தரப்பை நாமே கற்பனை செய்து, அதை இழிந்ததாகவும் கற்பனை செய்வதே முதல் வழுக்கல். பொலியோனின் வீட்டார்க்கு நாம் செய்யத் துணிந்த அநீதியை, கொரிந்துப் பெண்களுக்கு நம் பிரசங்கங்கள் நெடுங்காலமாகச் செய்து வந்துள்ளன.

ஆனால் வீட்டுக் கடிதம் ஒன்று எவ்வாறு தைக்கும் என்பதைப் பவுல் ஓரிடத்தில் நன்கு காட்டுகிறார். பிலிப்பி சபையார் அனுப்பிய எப்பாப்பிரோதீத்துவைத் தம் உடன் போர்வீரன் என்று அழைக்கிறார் (2:25). அவர் சாவை நெருங்கும் அளவுக்கு நோயுற்றார். பிழைத்தபின் அவரை வாட்டியது என்ன? தாம் நோயுற்றதை ஊரார் கேள்விப்பட்டுவிட்டார்களே என்பது. பூலோன் அலுவலகத்தைக் கடந்த ஆயிரக்கணக்கான கடிதங்களில் இந்தக் கவலையைத்தான் கேட்கிறோம். எனக்குக் காயம் என்று அம்மாவிடம் சொல்லாதீர்கள். சிறு காயந்தான் என்று சொல்லுங்கள். பவுல் இதற்கு இறையியல் விளக்கம் எதுவும் தரவில்லை. அவரை ஊருக்கு அனுப்பிவைக்கிறார்.

நடைமுறையில் ஒரு விண்ணப்பம் உண்டு. நம் சபைகளில் பழைய பெட்டிகள் இன்னும் முழுவதும் காலியாகிவிடவில்லை. 1940களில் பர்மா எல்லைக்கும் வட ஆப்பிரிக்காவுக்கும் இத்தாலிக்கும் சென்றவர்களின் வீடுகளில், திரும்பி வந்தவர் தம்மோடு கொண்டுவந்த வீட்டுக் கடிதங்கள் ஏதேனும் இருக்கலாம். ஆயர்கள் அவற்றைக் கண்டால், குடும்பத்தாரின் இசைவோடு முழுமையாகப் படியெடுக்கவேண்டும். நலவிசாரிப்புப் பெயர்களை விடலாகாது, பால்கணக்கை விடலாகாது, எழுத்துப்பிழையைத் திருத்தலாகாது. எழுதியவர் ஒருவர், சொன்னவர் மற்றொருவர் என்றால் இருவரையும் குறிக்கவேண்டும். வெளியிட நாணும் பகுதிகளைக் குடும்பத்தார் மூடிவைக்க விரும்பினால், விடுபட்டது இவ்வளவு என்று குறித்து மூடிவைக்கலாம். விடுபட்டதே தெரியாமல் ஒட்டிவிடுவது கூடாது. பெங்களூர் ஐக்கிய இறையியற் கல்லூரியின் ஆவணக் காப்பகம் போன்ற இடங்களில் திருச்சபைகளின் ஆவணங்கள் சேர்த்து வைக்கப்பட்டுள்ளன. அங்குள்ள கட்டுகளில் பெரும்பாலானவை மிஷனெரிகளும் மன்றங்களும் எழுதியவை. எழுதத் தெரியாத ஒரு தாய் சொல்ல, உபதேசியார் எழுதிய கடிதத்துக்கும் அக்கட்டுகளின் அருகே இடம் இருக்கிறது.